சிறப்புப்பாயிரம் கேட்டு வாசலில் காத்திருந்தவர்

மயிலாடுதுறையை அன்று மாயூரம் என்பார்கள். 1860-களில் அந்த ஊரிலும் அதைச் சுற்றியும் மூன்று பேர் வாழ்ந்தார்கள். ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். அவர் வாயால் பாடல் சொல்லச் சொல்ல, மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். இன்னொருவர் அந்த ஊர் முன்சீப், அதாவது நீதிபதி, வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று நம்ம மாணவர்கள் தேர்வில் எழுதுவார்களே, அவரேதான். மூன்றாமவர் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதி. திருமணம் செய்துகொள்ளாதவர், சங்கீதம் கற்றவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதியவர்.

மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். மூவருமே பாட்டு கட்டினவர்கள். ஆனால் முதலாமவர் மட்டும்தான் இலக்கணப் புலவர். மற்ற இருவரும் தமிழ்ப் புலமையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. ஒருவருக்கு நீதிமன்றம், மற்றவருக்கு இசை. இந்த மூவர் கதையை நம் ஆசிரியர்களுக்கு நினைவுபடுத்தலாம் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. தமிழ்மொழிக் கழகத்தைப் பொறுப்பேற்று நடத்துகிற எவருக்கும் இந்தச் சிக்கல் தெரியும்: ஒரு மாணவர் சொந்தமாகப் பாட்டு எழுதிக் கொண்டு வந்து காட்டுகிறார். குறையைச் சொன்னால் அடுத்த பாட்டு வராது. சொல்லாமல் விட்டால் அதே குறையோடு பத்துப் பாட்டு வரும். உள்ளதைச் சொல்வதா, மனம் நோகாமல் சொல்வதா? இந்தக் கேள்வி நம் வகுப்பறையில் பிறந்தது இல்லை. தமிழில் அதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

முதலில் கடுமையான பக்கத்தைப் பார்த்துவிடலாம். தமிழ்ப் புலவர் கதைகளில் விமர்சனம் என்றால் இரத்தம்தான். தவறாகப் பாடியவர்களைப் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டினான், வில்லிபுத்தூரார் காதை அறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டினார் என்று மூன்று பேரையும் வரிசையாக வைத்து ஒரு தனிப்பாடல் உண்டு. இப்போது அவர்களெல்லாம் இல்லையே, அதனால் கண்டவர்களும் பாட வந்துவிட்டார்களே என்று அந்தப் பாட்டு அங்கலாய்க்கும். வில்லிபுத்தூராரின் காதறுக்கும் குறட்டை அருணகிரிநாதர் ஓர் அந்தாதியால் வென்று நிறுத்தினார் என்பதும் அதே வகைக் கதைதான். திருவிளையாடலில் சிவபெருமானிடமே குற்றம் கண்ட நக்கீரர் கதையோ நாம் எல்லாரும் திரைப்படத்தில் பார்த்தது. இதெல்லாம் நடந்ததா என்றால், வரலாற்றுச் சான்று என்று எதையும் காட்ட முடியாது. ஆனாலும் ஒரு சமுதாயம் தன் விமர்சகர்களைப் பற்றி எப்படிப்பட்ட கதைகளை விரும்பிச் சொல்லிக்கொண்டது என்பதும் வரலாறுதான். குற்றம் சொல்பவன் அஞ்சாதவன், அவனே தமிழைக் காப்பவன் என்ற எண்ணம் நமக்கு இரத்தத்தில் ஊறியது. சிவப்பு மையைத் திறக்கும்போது நமக்குள்ளும் ஒரு குட்டி நக்கீரர் எழுந்து உட்காருகிறார், இல்லையா?

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நன்னூல் பாயிரத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறார் பவணந்தியார். அப்படியானால் நூலின் பெருமையை யார் சொல்வது? அதற்குத்தான் சிறப்புப்பாயிரம். அதைப் பாடத் தகுந்தவர்கள் யார் என்றும் அவரே சொல்கிறார்: நூலாசிரியனின் ஆசிரியர், அவரோடு உடன் படித்தவர், அவருடைய மாணவர், நூலுக்கு உரை எழுதத் தகுந்தவர். இந்த நால்வரையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நால்வருமே நூலாசிரியனுக்கு வேண்டியவர்கள்! பிறத்தியார் ஒருவருமே இல்லை. அதாவது, நூலுக்கு முன்னால் நிற்கும் முதல் குரல் அன்புடையவர்களின் குரலாக இருக்க வேண்டும் என்பது நம் இலக்கணமே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு.

அதே நன்னூல்தான் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பட்டியல் போடுகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடங்கும் அந்தப் பட்டியல். பாராட்டுக்கு ஓரிடம், குற்றத்துக்கு ஓரிடம். இரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று பவணந்தியார் எங்கும் கேட்கவில்லை.

அச்சு வந்த பிறகு 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சிறப்புப்பாயிரம், சாற்றுகவி வழக்கம் பெருகிவிட்டது. அந்தக் காலப் புத்தகம் ஒன்றைத் திறந்தால், நூல் தொடங்குவதற்கு முன்னால் பக்கம் பக்கமாக வித்துவான்களின் பாராட்டுச் செய்யுள்கள் இருக்கும். இன்றைய பின்னட்டை வாசகங்களும் நூல் வெளியீட்டு வாழ்த்துரைகளும் அதன் பேரப்பிள்ளைகள். எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்தால் புகழுக்கு மதிப்பு ஏது என்று நாம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பு இருந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், கோபாலகிருஷ்ண பாரதிக்கு அது கிடைக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் உ. வே. சாமிநாதையர். அவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தது 1871-ஆம் ஆண்டில். இது அதற்கு முந்திய காலத்துக் கதை. எனவே நேரில் கண்டு எழுதியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இருவரிடமும் நெருங்கிப் பழகியவர் அவர். பிள்ளையவர்களின் வரலாற்றையும் அவரே எழுதினார், பாரதியின் வரலாற்றையும் அவரே எழுதினார்.

பாரதி நந்தனார் சரித்திரத்தை இயற்றிவிட்டு, மகாவித்துவானிடம் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தார். பிள்ளையவர்களுக்கு அதில் இரண்டு வகைத் தடை. முதலாவது, கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன. இரண்டாவது இன்னும் கனமானது: கதை பெரியபுராணத்தில் இருப்பதுபோல் இல்லை. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் நந்தனாரை அடக்கி வைக்கும் வேதியர் என்று ஒரு பண்ணையார் கிடையாது. தில்லைக்குப் போக விடைகேட்டு அவர் முன்னால் நந்தனார் நிற்பதும், நாற்பது வேலி நிலத்தை ஓர் இரவில் விளைவித்துவிட்டுப் போ என்று அவர் சொல்வதும் பாரதி படைத்தவை. பெரியபுராணத்தில் ஊறிய ஒரு சைவப் புலவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

பிள்ளையவர்கள் என்ன செய்தார்? குட்டவில்லை, காதை அறுக்கவில்லை. "இதில் இன்ன பிழை இருக்கிறது, திருத்திக்கொண்டு வாரும்" என்றும் சொல்லவில்லை. நாளைக் கடத்தினார். பாரதி வருவார், இவர் வேறு வேலையில் இருப்பார். மறுபடி வருவார், மறுபடி ஒரு காரணம். இப்படியே பல நாள் போயிற்று. ஒருநாள் பாரதி வந்தபோது பிள்ளையவர்கள் பகல் தூக்கத்தில் இருந்தார். பாரதி திண்ணையில் உட்கார்ந்து, நேரம் போவதற்காகவோ மனம் தாங்காமலோ, தம் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் விழித்துக்கொண்டார். கேட்டார். கேட்கக் கேட்க உருகிப்போனார். எழுந்து வெளியே வந்து, இவ்வளவு நாள் கொடுக்காமல் இருந்த சிறப்புப்பாயிரத்தைப் பாடிக் கொடுத்தார்.

இந்தக் கதையை நாம் பொதுவாக எப்படிச் சொல்கிறோம்? பக்தி இலக்கணத்தை வென்றது என்கிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அது கதையின் பாதிதான் என்று படுகிறது.

பிள்ளையவர்களின் தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது மென்மையா, நேர்மையா? அவர் பொய்யாகப் புகழ மறுத்தார். அந்த அளவில் நேர்மை. பிழையை முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லை. அந்த அளவில் மென்மை. இரண்டும் சேர்ந்து கடைசியில் வந்தது மௌனம். காத்திருந்தவருக்குக் கிடைத்ததோ நேர்மையும் இல்லை, மென்மையும் இல்லை; வாசல் திண்ணைதான். பிள்ளையவர்கள் மாணவர்களிடம் மிகவும் அன்பாக இருந்தவர் என்பது உ.வே.சா. எழுதிய பக்கங்களில் எல்லாம் தெரிகிறது. அப்படிப்பட்டவரே ஒரு கடினமான விமர்சனத்தைச் சொல்ல வேண்டி வந்தபோது தள்ளிப்போட்டார் என்றால், நாம் ஒரு மாணவரின் பாட்டுத் தாளை மேசை இழுப்பறையில் இரண்டு வாரம் வைத்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கடுஞ்சொல்லைவிட இந்தத் தாமதம்தான் எழுதுகிறவரை அதிகமாக வாட்டும். கடுஞ்சொல்லுக்குப் பதில் சொல்லலாம், கோபித்துக்கொள்ளலாம், திருத்தி எழுதலாம். மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தது, அவர் மனம் மாறிய இடம். பிழைகள் மறைந்துவிட்டனவா? இல்லை, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது கேட்ட விதம். அதுவரை அவர் முன்னால் இருந்தது சொற்களின் வரிசை. அன்றைக்குத்தான் அது பாட்டாக அவர் காதில் விழுந்தது. கீர்த்தனையை ஏட்டில் படித்து மதிப்பிடுவது, சமையல் குறிப்பைப் படித்துவிட்டு உப்புப் போதாது என்று சொல்வது மாதிரி.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். பாரதியின் கீர்த்தனைகளில் இன்றுவரை மேடைகளில் பாடப்படும் ஒன்று மாஞ்சி இராகத்தில் அமைந்த 'வருகலாமோ'. அந்த முதல் சொல்லையே பாருங்கள். வரல் என்னும் தொழிற்பெயரோடு ஆமோ சேர்ந்தால் 'வரலாமோ' என்றுதானே வர வேண்டும்? 'போகலாமோ' என்பதைப் பார்த்து 'வருகலாமோ' என்று மாணவர் ஒருவர் எழுதினால் நாம் வட்டம் போடாமல் விடுவோமா? ஆனால் பாடிப் பாருங்கள். 'வரலாமோ' என்பது கேட்ட மாத்திரத்தில் முடிந்துவிடுகிற கேள்வி; பக்கத்து வீட்டுக்குள் நுழையும்போது கேட்பது. 'வருகலாமோ' என்பதில் ஒரு குறில் கூடுதலாகத் தங்குகிறது. குரல் நின்று, தயங்கி, இழுத்துப் போகிறது. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட ஒருவர் வெளியே நின்று கேட்கிற கேள்வி அது. இன்னொன்றும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. 'வருக' என்ற வரவேற்புச் சொல் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. யாரும் சொல்லாத அந்தச் சொல்லை அவரே சொல்லிக்கொண்டு கேட்கிறார். பாரதி இதை எண்ணித்தான் எழுதினாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் திருத்தியிருந்தால் போயிருக்கும்.

கதை மாற்றமும் அப்படித்தான். சேக்கிழாரைப் பின்பற்றி எழுதியிருந்தால் நந்தனார் கீர்த்தனை இன்னொரு நல்ல பக்தி நூலாக இருந்திருக்கும். வேதியரும் நாற்பது வேலி நிலமும் சேர்ந்ததால்தான் அது ஓர் உழவுத் தொழிலாளியின் கதையாகவும் ஆயிற்று. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதை அச்சிட உதவினார். பிறகு நாடகமாயிற்று. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்தும், 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்தும் திரைப்படமாக வந்தது. மூலநூலுக்கு மாறுபட்டது என்ற குற்றம் உண்மையான குற்றம்தான். ஆனால் அந்த மாறுபாட்டில்தான் நூலின் உயிரே இருந்தது. விமர்சகருக்கு இதைவிடச் சங்கடமான நிலைமை வேறென்ன வேண்டும்?

அதற்காக, பிழையே பார்க்க வேண்டாம், உணர்ச்சி இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மிடம் வருகிற பத்துப் பாட்டில் ஒன்பதில் உள்ள பிழை வெறும் பிழைதான். லகர ளகரக் குழப்பத்துக்குள் நந்தனாரின் ஏக்கம் ஒளிந்திருக்காது. திரைப்பாடலில் கேட்ட உவமையை அப்படியே எடுத்து வைத்திருப்பதைப் புதுமை என்று சொல்ல முடியாது. பாரதி சங்கீதம் அறிந்தவர். எந்த இடத்தில் எந்த ஓசை வேண்டும் என்று காதால் தெரிந்தவர். அவருக்குப் பொருந்துகிற சலுகை எல்லாருக்கும் பொருந்தாது.

முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். கிறிஸ்தவரான அவர் எல்லாச் சமயத்தாரும் பாடும்படி எழுதியவை அவை. கடவுள் வாழ்த்து மட்டும் இல்லை; உத்தியோகத் தொல்லை, குடும்பச் சண்டை என்று அன்றாட விஷயங்களையும் கீர்த்தனையாக்கினார். அந்த வகையில் நம்ம மாணவர்கள் தேர்வு, கைப்பேசி என்று எழுதும் பாட்டுகளுக்கு அவர்தான் முன்னோடி! அவருக்குப் புலவர்களின் பாராட்டுக்குக் குறைவே இருந்ததில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைத் தலைவராக வைத்து ஒரு கோவையே பாடியிருக்கிறார். இருவருக்கும் உண்மையான நட்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. நீதிபதியின் பாட்டில் தளை தட்டுகிறது என்று ஊரில் யார் சொல்வார்கள்? ஆனந்ததாண்டவபுரத்துப் பாகவதர் திண்ணையில் காத்திருந்தார்; முன்சீப் காத்திருக்கத் தேவையில்லை. மென்மை எப்போதுமே அன்பிலிருந்து வருவதில்லை, சில நேரம் பதவியைப் பார்த்தும் வரும். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சரி, ஆளைப் பார்க்காமல் பாட்டை மட்டும் பார்த்து மதிப்பிட ஒரு வழி வேண்டாமா? வேண்டும் என்று நினைத்தவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் நூரெம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள், செருப்புத் தைப்பவர், நெசவாளர், ரொட்டி சுடுபவர் என்று பலரும், மைஸ்டர்சிங்கர் என்னும் சங்கம் அமைத்துப் பாட்டு எழுதினார்கள். பகலில் தொழில், ஓய்வில் பாட்டு. ஹான்ஸ் சாக்ஸ் (1494–1576) என்ற செருப்புத் தொழிலாளி மட்டும் 4000-க்கு மேற்பட்ட பாட்டுகள் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தேவாலயத்தில் கூடிப் பாடும்போது, திரைக்குப் பின்னால் மெர்க்கர் எனப்படும் குற்றம் குறிப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் விவிலியத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கருத்துப் பிழை பார்ப்பார். மற்றவர்கள் அசை எண்ணிக்கை, எதுகை, மெட்டு என்று ஆளுக்கொன்றாகப் பார்ப்பார்கள். தப்பு ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஏழுக்கு மேல் போனால் பாடியவர் தோற்றார். விதிகளெல்லாம் எழுத்தில் இருந்தன. நம்முடைய மதிப்பீட்டு அட்டவணைக்கு மூதாதை என்றே சொல்லலாம். வெளிப்படையானது, பாரபட்சம் குறைந்தது. ஆனால் குற்றத்தை மட்டுமே எண்ணுகிற முறை குற்றமில்லாத பாட்டைத்தான் வளர்க்கும், நல்ல பாட்டை வளர்க்கும் என்று சொல்வதற்கில்லை. பின்னால் 1868-இல் வாக்னர் இவர்களை வைத்து ஓர் இசைநாடகம் மேடையேற்றியபோது, குறை குறிக்கும் ஆசாமியைத்தான் கேலிப் பாத்திரமாக ஆக்கினார். திரை இருக்கிற வரைக்கும் பாடியவருக்கு யார் சொன்னது என்று தெரியாது, சொன்னவருக்கும் பாடியவரின் முகம் தெரியாது. அந்தத் திரைதான் அதன் பலம், பலவீனம் இரண்டும்.

தமிழில் அதற்கு எதிரான ஏற்பாடு அரங்கேற்றம். அங்கே திரை கிடையாது. நூல் செய்தவர் சபை நடுவில் உட்கார்ந்து பாடிப் பொருள் சொல்வார். யார் வேண்டுமானாலும் தடை எழுப்பலாம், அவர் விடை சொல்ல வேண்டும். சீர்காழி அருணாசலக் கவிராயர் காசுக்கடை வைத்துப் பிழைத்தவர். கம்பராமாயணம் கேட்க வந்த இரண்டு மாணவர்கள்தான் அவருடைய இராமநாடகக் கீர்த்தனைகளுக்கு மெட்டு அமைத்தார்கள். அதை அரங்கேற்ற அவர் திருவரங்கம் வரை போனார். கடைக்காரர் பாட்டுக்கும் கம்பன் பாட்டுக்கும் ஒரே சபைதான் என்பதை நினைக்கும்போது நமக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. எல்லா அரங்கேற்றமும் அறிவுச் சபையாக இருந்தது என்று சொல்ல முடியாது. பொறாமைக்கும் அங்கே இடம் இருந்திருக்கும். ஆனால் எழுதியவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருந்தது. இதை நாம் மாணவர்களுக்குக் கொடுப்பது அபூர்வம். நாம் எழுதிக் கொடுக்கிற குறிப்புக்கு அவர்கள் மறுமொழி சொல்வதாக எங்கே ஏற்பாடு?

நம் மலாயாவிலும் இப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. பாட்டுக்கு இல்லை, சிறுகதைக்கு. 1950-ஐ ஒட்டி தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். தொடர்ந்து 1952-இல் தமிழ் முரசில் சுப. நாராயணன் ரசனை வகுப்பு நடத்தினார். புதிதாக எழுத வந்தவர்களுக்குப் பத்திரிகை வழியாகவே எழுதக் கற்றுக்கொடுத்து, பிறகு எழுதியதை எப்படி எடைபோடுவது என்றும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எழுதுவதற்கு ஒரு வகுப்பு, ரசிப்பதற்குத் தனியாக ஒரு வகுப்பு. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாறு பேசுகிறவர்கள் இந்த வகுப்புகளைக் குறிப்பிடாமல் போவதில்லை.

குற்றமும் சொல்லாமல் புகழவும் செய்யாமல் ஒருவரை நல்ல பாட்டுக்கு நகர்த்த முடியுமா? முடியும் என்பதற்கும் கோபாலகிருஷ்ண பாரதியின் வாழ்க்கையிலேயே ஒரு கதை இருக்கிறது. திருவையாற்றுக்குத் தியாகராஜ சுவாமிகளைப் பார்க்கப் போனபோது, அங்கே சீடர்கள் ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்களாம். "நீர் ஆபோகியில் ஏதாவது செய்திருக்கிறீரா?" என்ற பொருள்படத் தியாகராஜர் கேட்டாராம். பாரதி அப்போதைக்குப் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' என்னும் கீர்த்தனையோடு வந்து பாடினாராம். ஒரு கேள்விதான். ஆனால் அதைக் கேட்டவர் பாட்டை அறிந்தவர், எதிரில் இருப்பவரைத் தமக்குச் சமமான தொழில்காரராக மதித்தவர். அதேபோல, புதுச்சேரியில் இளம் தமிழாசிரியராக இருந்த கனக சுப்புரத்தினத்தைப் பாரதியார் ஒரு பாட்டு எழுதச் சொல்லி, எழுதியதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்போடு சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். அந்தத் தமிழாசிரியர்தான் பாரதிதாசன். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: அடுத்த பாட்டுக்கு வழி திறந்தது.

இதற்கு நேர்மாறானதும் மாயூரத்தில் நடந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த காலத்தில் உ.வே.சா. கோபாலகிருஷ்ண பாரதியிடம் போய்ச் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தார். அது பிள்ளையவர்களுக்குத் தெரிய வந்தது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் கவனம் குறைந்துவிடும் என்று அவர் சொன்னார். சொன்னது மென்மையாகத்தான். உ.வே.சா. அன்றோடு சங்கீதப் பயிற்சியை நிறுத்திவிட்டார். என் சரித்திரத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். தமிழுக்கு அதனால் இலாபம் என்று சொல்லலாம். சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. ஆனால் ஓர் ஆசிரியர் குரலை உயர்த்தாமல் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு கலையின் கதவையே சாத்திவிட முடியும் என்பதும் அங்கே இருக்கிறது. மென்மையாகச் சொன்னால் காயம் படாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதை இந்த இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

நம் நடைமுறைக்கு வருவோம். வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 4 என்றோ 5 என்றோ எழுதுவது வேறு, பாட்டு எழுதியவரிடம் பேசுவது வேறு. முதலாவது பதிவேட்டுக்கு, இரண்டாவதைத்தான் மாணவர் நினைவில் வைத்திருப்பார். நான் பின்பற்றுவது மிகவும் எளிய ஒழுங்கு. தாளை வாங்குவதற்கு முன் பாடச் சொல்லிக் கேட்பது. குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்படுவார்கள், பரவாயில்லை, முணுமுணுத்தாலும் போதும். அப்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும்: எங்கே மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல் மெட்டுக்குள் அடங்காமல் திமிறுகிறது என்று. அவருக்கே தெரிந்துவிடும், நாம் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு தாளைப் பார்த்து நன்னூல் பெயரிலேயே ஒரு குற்றம் சொல்லலாம். பல்லவி பிரமாதமாக இருந்து, சரணம் வரவர இளைத்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும் பாட்டுக்குச் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று பவணந்தியார் வைத்த பெயரைவிடப் பொருத்தமாக நாம் என்ன சொல்லிவிடப் போகிறோம்? "உனக்குத் திறமை போதாது" என்பதற்கும் "இந்தப் பாட்டு தேய்ந்து இறுகிறது, மூன்றாவது சரணத்தைப் பார்" என்பதற்கும் எவ்வளவு தூரம்! ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுக்கு முந்திய பெயர் என்பதால் அது ஆசிரியரின் சொந்த வெறுப்பாகவும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு குற்றம். அதுவும் அன்றைக்கே, நண்பர்கள் சுற்றி நிற்காத நேரத்தில்.

உயர்படிவ மாணவர்களோடு இதை ஒரு பாடமாகவே நடத்திப் பார்க்கலாம். 'வருகலாமோ' கீர்த்தனையின் வரிகளை மட்டும் தாளில் கொடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல், பிழை திருத்தச் சொல்லுங்கள். நன்றாகவே திருத்துவார்கள், நாம்தானே பழக்கியிருக்கிறோம். பிறகு நல்ல பாடகர் ஒருவரின் பதிவை ஒலிக்க விடுங்கள். யார் நின்று கேட்கிற கேள்வி, எங்கே நின்று கேட்கிறார் என்பதை அப்போது சொல்லுங்கள். கடைசியாக, திருத்தியதை அப்படியே வைத்துக்கொள்கிறீர்களா, எடுத்துவிடுகிறீர்களா என்று கேளுங்கள். ஒரு பாடவேளை போதும். பாட்டுக்கு ஆறேழு நிமிடம், மிச்ச நேரமெல்லாம் சண்டைக்கு.